மூணு, எட்டு, லாபம்

வேதாசலத்திடம் நான் உதவியாளனாகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் அவர் படம் நாலு தடவை பேப்பரில் வந்துவிட்டது. என் படமும் ஒரு தடவை வந்தது. அதில் என் இடது தோள் மட்டும் தெரிந்தது. காஞ்சிபுரத்தில் எங்கள் ஆபீஸ் பலகையில் 'வேதாசலம், துப்பறியும் நிபுணர்' என்று எழுதியிருக்கிறதே தவிர, சேட்டு என்று நான் ஒருத்தன் உள்ளே உட்கார்ந்திருப்பதற்கு ஓர் அடையாளமும் கிடையாது. எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எழுபத்தொன்பதாம் வருஷத் தை மாதத்தில் உத்திரமேரூரிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. எழுதியவள் கனகா, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தன் எண்ணை யாரோ திருடிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். "நகை திருடுவான், ஆடு திருடுவான். எண்ணை திருடுவானா? எந்த எண்ணை சார், நல்லெண்ணையா?" என்று கேட்டேன். வேதாசலம் சிரிக்கவில்லை. நான் சொல்லும் நல்ல ஜோக்குகளுக்கு அவர் சிரித்ததே இல்லை, அடுத்தவர்களிடம் அதையே தன் ஜோக்காகச் சொல்லும்போதுதான் சிரிப்பார்.

புதன்கிழமை காலை எங்களைக் கூட்டிப்போக அவள் கணவன் தாமோதரனே காஞ்சிபுரம் வந்தான். உத்திரமேரூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. திரும்பிப் போகிற லாரியில் எங்களை முன்சீட்டில் உட்காரவைத்து, வழி நெடுகப் பெண்டாட்டி புராணம் பாடினான். அவர்கள் பக்கத்தில் பி.எஸ்சி. படித்த முதல் பெண் அவள்தானாம். "அதெல்லாம் மூளை சார். நமக்கெல்லாம் ஏது?" என்றான். 'நமக்கெல்லாம்' என்றபோது என்னைத்தான் பார்த்தான். எனக்கு அவனை அப்போதே பிடிக்காமல் போயிருக்க வேண்டும், ஆனால் வழியில் டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். காலி வகுப்பறையில் கனகா கரும்பலகையில் அந்த எண்ணை எழுதினாள்.

381654729.

முப்பத்தெட்டுக் கோடியே பதினாறு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் இருக்கிறது, எதுவும் இரண்டு தடவை வரவில்லை. அதில் என்ன அதிசயம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே டஸ்டரால் வலது பக்கத்தை மறைத்தாள். முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் மீதியில்லாமல் வகுபடும். டஸ்டரை ஓர் இலக்கம் நகர்த்தினாள். 381, மூன்றால் வகுபடும். 3816, நாலால். 38165, ஐந்தால். இப்படியே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போய், ஒன்பது இலக்கமும் தெரிந்தபோது முழு எண்ணும் ஒன்பதால் வகுபட்டது. நான் சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் 3816547ஐ ஏழால் வகுத்துப் பார்த்தேன். மீதி வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை.

"கோடிக்கணக்குல நம்பர் இருக்கு சார். இந்த மாதிரி இது ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. முதல் பிள்ளையைத் தொட்டிலில் காட்டுகிறவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

சென்னையில் உள்ள ஒரு கணித மன்றம் இந்தப் புதிரைப் போட்டியாக அறிவித்திருந்தது. முதலில் விடை அனுப்புகிற ஆசிரியருக்கு ஒரு வருஷம் சென்னையில் தங்கிக் கணிதம் படிக்கும் வாய்ப்பு. கனகா பதினோரு மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமை தபாலில் அனுப்பினாள். ஆனால் அதற்கு முந்தின நாளே உத்திரமேரூரிலிருந்து ஒரு தந்தி போய்விட்டது. அதே எண். அனுப்பியவர் ஆண்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் கிருஷ்ணசாமி. ஒரே ஊர், ஒரே விடை என்றதும் மன்றத்துக்குச் சந்தேகம். பிந்தி வந்தது கனகாவின் விடை என்பதால் பார்த்து எழுதியவள் அவள்தான் என்று எழுதி, சனிக்கிழமைக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியைக்கும் ஒரு நகல் போயிருந்தது.

"நோட்டைக் காட்டினா, அது அப்புறமாகூட எழுதியிருக்கலாம்னு சொல்லுவாங்க சார். மெட்ராஸ் போனா போகட்டும். திருடின்னு பேர் வாங்கிக்கிட்டு இந்தப் பசங்க முன்னாடி எப்படி சாக்பீஸ் எடுக்கறது?"

வேதாசலம் அவளுடைய நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓர் இடத்தில் விரலை வைத்து, கட்டம் கட்டி எழுதியிருந்த பத்து எண்கள் என்ன என்று கேட்டார். அவள் சொன்ன விளக்கம் எனக்கே புரிந்தது. வேண்டாதவற்றை எல்லாம் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் பத்து எண்கள்தான் நிற்கும். ஏழைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவை சரியாக வரும். ஏழால் வகுத்துப் பார்த்தால் ஒன்பது விழுந்துவிடும், ஒன்று மட்டும் மிஞ்சும். விழுந்த ஒன்பதில் ஒன்று 987654321.

அவர் கேட்ட கடைசிக் கேள்வி, எண்ணை யாரிடமாவது சொன்னாளா என்பது. யாரிடமும் சொல்லவில்லை என்றாள். நோட்டு பள்ளி பீரோவில் இருந்தது, சாவி அவள் இடுப்பில் இருந்தது. கணவனை அவள் ஒரு பேச்சுக்குக்கூட இதில் இழுக்கவில்லை.

வெளியே வந்ததும் நான் என் பெரிய சந்தேகத்தைக் கேட்டேன். விடை ஒன்றுதான் என்றால் இரண்டு பேரும் நேர்மையாகவே கண்டுபிடித்திருக்கலாமே? வேதாசலம் தலையாட்டினார். சரியான விடையை வைத்துத் திருடனைப் பிடிக்க முடியாது, வந்த வழியைக் கேட்டால்தான் பிடிக்கலாம் என்றார். நல்ல பேச்சுதான். இதுவும் பேப்பரில் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிருஷ்ணசாமி பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். சென்னையில் பிறந்து வளர்ந்தவர், நெல்லை அரிசியாக மட்டும் பார்த்தவர். எங்களைப் பத்திரிகைக்காரர்கள் என்று நினைத்துச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். வேதாசலமும் அப்படியே நினைக்க விட்டுவிட்டார். பாராட்டினார், பேனாவைத் திறந்தார், ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"நானும் ஆசைக்குக் கொஞ்சம் போட்டுப் பாத்தேன் சார். ஒன்பது எட்டு ஏழுன்னு வரிசையா இறங்கி ஒண்ணுல முடியற நம்பர் ஒண்ணு இருக்கே, அது உங்களை ரொம்பப் படுத்திச்சா?"

"அதுவா? அது என் வழியில வரவே இல்லையே" என்றார் கிருஷ்ணசாமி.

"நேரா போறவங்க யாரா இருந்தாலும் அதைத் தாண்டித்தான் சார் போகணும். ஆறு வரைக்கும் சரியா வந்து ஏழுலதான் விழும். உங்க வழியில வரலேன்னா, உங்க வழி எங்கேந்து வந்தது?"

கிருஷ்ணசாமி மனசுக்குள் வகுத்துப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. ஆறு வரைக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. அதற்குமேல் வகுக்காமல் எழுந்தார். அலமாரியிலிருந்த ஒரு புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வைத்தார். எதிரில் யாரும் கேட்காமலே, ஒன்றரை வருஷம் இந்தப் புதிரோடு முட்டிக்கொண்டதாகவும், நடுவில் ஐந்து வரும் என்பதற்குமேல் ஓர் அடி நகரவில்லை என்றும் சொன்னார். நேற்று வேலைக்கு வந்த பெண், அதுவும் தன்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்காதவள், சென்னைக்குப் போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லையாம். அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளிக்கு ஒரு போன் வந்தது. ஓர் ஆண் குரல், பேர் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி வைத்துவிட்டது.

காகிதத்தில் வார்த்தை வார்த்தையாக எழுதியிருந்தது: மூணு, எட்டு, லாபம், ஆறு, அஞ்சு, நாலு, ஏயு, ரெண்டு, ஒம்போது.

"நடுவில் 'லாபம்' என்றானே, அது ஏன் என்று இன்னும் புரியவில்லை. எனக்கு இதில் லாபம் என்று சொல்கிறானாக்கும் என நினைத்தேன். மிச்சமிருந்த இலக்கம் 1 மட்டும்தான், அதைப் போட்டுக்கொண்டேன்" என்கிற மாதிரி ஏதோ முனகினார். நடந்ததை மன்றத்துக்கு எழுதிக்கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் வேதாசலம் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தார். லாபம் என்றால் இதில் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. அல்லது ரகசியக் குறிச்சொல். அல்லது 'லாபம்' என்ற பேரில் ஒரு சீட்டுக் கம்பெனி. தந்தி ஆபீஸ் வரை பேசிக்கொண்டே வந்தார். போன் எக்ஸ்சேஞ்சில் கேட்கலாமா என்றும், உள்ளூர் அழைப்புக்கு அங்கே பதிவுச் சீட்டு கிடையாதே என்றும் அவரே சொல்லிக்கொண்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் காஞ்சிபுரம் டவுனில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். நான் காவாந்தண்டலத்துக்காரன், களத்துமேட்டில் வளர்ந்தவன். அந்த வார்த்தையைப் படித்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது. சட்டென்று சொல்லிவிட எனக்கென்ன பைத்தியமா? அவர் தவிக்கிற தவிப்பை இன்னும் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே நடந்தேன். அல்பத்தனம்தான்.

"டீ சாப்பிடலாம் சார். அப்படியே கனி பாய் மண்டி பக்கம் போனா நல்ல டீ" என்றேன்.

அப்துல் கனியின் நெல் மண்டி கடைத்தெருவில் பெரியது. தை அறுவடை நேரம், வாசல் முழுக்க நெல் குவிந்திருந்தது. எடை மெஷின் ஒரு மூலையில் சும்மா நிற்க, ஓர் ஆள் மரக்காலால் அள்ளி அள்ளிக் கோணியில் கொட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் உள்ளே நுழையவும் அவன் புதுக் கோணிக்கு ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

வேதாசலம் நின்றுவிட்டார். நான் டீக்குச் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கோபம் பாதி, மீதி என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாலு தடவை பேப்பரில் அவர் படத்தைப் பார்த்தபோது என் மூஞ்சி அப்படித்தான் இருந்திருக்கும்.

கனி பாய் எங்களை உட்காரவைத்து விவரம் சொன்னார். வெள்ளைத் தாடி, எதற்கும் அவசரப்படாத மனுஷர். "ஒண்ணுன்னு ஆரம்பிச்சா அதோட நின்னு பூடும்னு ஒரு நெனப்பு நைனா. அதான் மொத மரக்காலை லாபம்னுவோம். எங்க பாட்டன் காலத்துலர்ந்து அப்டித்தான்."

முதல் மரக்காலுக்கு மட்டும்தானே, ஓர் எண்ணின் நடுவில் எப்படி வரும் என்று வேதாசலம் கேட்டார். பாய் சிரித்துவிட்டார். வருஷக்கணக்கில் அளந்தவன் வாயில் 'ஒண்ணு' என்ற வார்த்தையே வராதாம். அவரிடம் உள்ள ஒரு கிழவன் பஸ்ஸில் ஏறினால் 'லாபம் டிக்கெட் குடு' என்றுதான் கேட்பானாம், கண்டக்டர்களுக்கும் பழகிவிட்டதாம்.

அப்படியானால் அளக்கிறவர்களில் யாராவது போன வாரம் இங்கிருந்து போன் பேசினார்களா என்று கேட்டேன். கேள்வியை நான்தான் கேட்டேன், வேதாசலம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இவனுங்களா? கரண்டு அடிக்கும்னு போனைத் தொடவே மாட்டானுங்க. ஒருத்தன்தான் தொடுவான். எங்கிட்ட எட்டு வருசம் அளந்தான், தங்கமான கை. படிச்ச பொண்ணைக் கட்டினதும் மரக்கால் தூக்கறது கேவலமாப் பூட்ச்சு, லாரி ஆபீசுக்குப் போயிட்டான். அந்த ஆபீசுல போன் கெடையாது, இன்னிக்கும் லாரிக்குச் சொல்லணும்னா இங்க வந்துதான் பேசிக்கினு கீறான். போன வியாயக்கெயமகூட வந்தான். காலைல உங்களை லாரிலர்ந்து எறக்கிவுட்டுட்டுப் போனானே, அவன்தான் நைனா."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். மசால்வடை ஞாபகம் வந்து தொலைத்தது.

கனகாவின் வீட்டுக்குப் போனபோது மணி ஆறு. அவள் பள்ளியிலிருந்து வந்திருந்தாள். தாமோதரன் எங்களுக்கு நாற்காலி போட்டு, காப்பி கொண்டுவந்து வைத்தான். யாரென்று கண்டுபிடித்துவிட்டோமா என்று அவன்தான் முதலில் கேட்டான். வேதாசலம் பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். எடுத்தவர் அதை என்னிடம் நீட்டினார்.

"நீ கண்டுபிடிச்சது. நீயே குடு."

ஆறு வருஷமாக இந்த நிமிஷத்துக்குத்தான் காத்துக்கிடந்தேன். வந்தபோது வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. வாங்கி, கனகாவிடம் கொடுத்து, போனில் ஒருவன் சொன்னதைக் கிருஷ்ணசாமி அப்படியே எழுதியது என்று மட்டும் சொன்னேன்.

"மூணு, எட்டு..." என்று அவள் வாய்விட்டுப் படித்தாள். மூன்றாவது வார்த்தையில் நின்றாள். யார் குரல் என்று எங்களைக் கேட்கவில்லை. காகிதத்திலிருந்து கண்ணை எடுத்துக் கணவனைப் பார்த்தாள். அவன் காப்பித் தட்டைக் கீழே வைத்தான்.

"யார்கிட்டயாவது சொன்னியான்னு சார் கேட்டாரு. யார்கிட்டயும் இல்லன்னு சொன்னேன். கண்டுபிடிச்ச அன்னிக்கு மொத மொத லாரி ஆபீசுக்கு ஓடியாந்து உன்கிட்டதான் சொன்னேன். உன்னை நான் யாரோன்னு நெனைக்கலியே" என்றாள்.

எங்கள் முன்னால் அதுவரை அவனை 'அவரு' என்றுதான் சொல்லிவந்தாள். 'நீ' என்றது அப்போதுதான்.

தாமோதரன் மறுக்கவில்லை. மறுப்பான், கத்துவான், எங்களை வெளியே போகச் சொல்வான் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு தபாதான் சொன்ன. அளக்கறவன் ஒரு தபா கேட்டா மறக்க மாட்டான். உன் மூஞ்சிய மறக்க முடில கனகா. கண்ணாலத்தன்னிக்குக்கூட நீ அப்டி சிரிக்கல. ஒம்போது எயுத்து. அது மேல எனக்கு வயிறு எரிஞ்சுது. மெட்ராஸ்ல எல்லாம் படிச்சவனுங்கோ, நீ சொன்னா புரிஞ்சிக்குவானுங்கோ. எனக்கு இன்னா புரிஞ்சுது? தலையாட்டிக்கினு நின்னேன். அந்தக் கணக்கு வாத்தியாரு முந்திக்கினா நீ இங்கயே இருப்பேன்னு நெனச்சேன். நீ பூட்டா திரும்பி வருவியா?"

"புரியலன்னா கேட்டிருக்கலாம். சொல்லித்தர்றதுதானே எனக்கு வேலை?"

வேதாசலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மீதியைச் சொன்னார். கிருஷ்ணசாமி எழுதித் தருவது மட்டும் போதாது. எண்ணைச் சொன்னது யார் என்று தெரியாவிட்டால், கனகாவே அவருக்குச் சொல்லிவிட்டுப் பிறகு சண்டை போடுகிறாள் என்றுகூட மன்றம் நினைக்கலாம். பேர் சொல்லி, கையெழுத்தோடு கடிதம் போக வேண்டும். நாளைக் காலைத் தபாலில் போனால்தான் சனிக்கிழமைக்குப் போய்ச் சேரும்.

பேர் வெளியே தெரிந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று தாமோதரன் மெதுவாகச் சொன்னான். கடைத்தெருவில் சிரிப்பார்கள், லாரி ஆபீஸில் சிரிப்பார்கள். அந்த வாத்தியாரோடு விட்டுவிடக் கூடாதா என்று மனைவியைக் கேட்டான். கனகா அவனோடு வாதாடவில்லை. உள்ளே போய் வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். என் வாழ்க்கையில் எத்தனையோ வாக்குமூலம் எழுதி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். மிரட்டல் இல்லாமல், அடி இல்லாமல், ஒருத்தனை இப்படி உட்காரவைத்து எழுதச் சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

அவன் எழுதினான். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து இழுத்து. பாதியில் நிறுத்தி, காரணமும் எழுத வேண்டுமா என்று கேட்டான். எழுது என்றாள். எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

கனகா நின்றபடியே படித்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற வேகத்தில் அவள் கண் ஓடியது. ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"பொராமை இல்ல. பெரிய ற."

அவன் தாளை வாங்கி, அந்த எழுத்தை அடித்து, மேலே திருத்தி எழுதிக்கொடுத்தான். அவள் அதை நாலாக மடித்துக் கவரில் போட்டு, ஓரத்தை நாக்கால் தடவி ஒட்டினாள். நானும் வேதாசலமும் காலிக் காப்பி டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போனா வருவியா?" என்று தாமோதரன் மறுபடி கேட்டான்.

"வருவேன்னு சொன்னா நம்புவியா?"

தாமோதரன் காலி டம்ளர்களைப் பொறுக்கித் தட்டில் வைத்தான். கனகா அவன் பதிலுக்காக நின்றாள். பிறகு கவரை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, தபால் பெட்டிக்குப் போனாள்.